விட்காம் நீதிபதியாக அமர்ந்த நாள்

1846, செப்டம்பர் 21

புதிய ஏடு. கண்டெடுப்போர் ஆரன் வெதரிலிடம் சேர்ப்பிக்க. அரசு வழக்கறிஞன் எங்கே என்று கேட்டால் இவ்வட்டத்தின் பன்னிரண்டு ஊர்களிலும் கைகாட்ட ஆளுண்டு.

இலையுதிர்காலச் சுற்று இன்று தொடங்கியது. எங்கள் புல்வெளி மாநிலத்தில் நீதிமன்றம் என்பது ஓரிடத்தில் ஊன்றி நிற்கும் மாளிகை அன்று. சேற்றில் சக்கரம் புதையப் புதைய ஊர் ஊராகச் செல்லும் ஊர்வலம். முன்னே நீதிபதி ஹோரஸ் பெல்டிங்கின் வண்டி. பின்னே வழக்கறிஞர் எழுவர். பகலெல்லாம் ஒருவரையொருவர் சொல்லால் கிழிப்போம். மாலையில் ஒரே மேசையில் உண்போம். விடுதியில் இடம் போதாமையால் கட்டிலுக்கு இருவராகப் படுப்போம். நீதிபதிக்கு மட்டும் தனிக் கட்டில். அவருடைய கீல்வாதக் காலை எவன் தூக்கத்தில் உதைத்தாலும் அவன் வழக்கு மறுநாள் தோற்கும் என்று எங்களுக்குள் அச்சம்.

என் கட்டிற்பங்காளி, ஒன்பதாம் ஆண்டாக, ஜோசையா விட்காம். தோல் பதனிடுபவரின் மகன். பதினேழு வயதுவரை எழுத்தறியாதவர். ஆற்றில் தோணி தள்ளிப் பிழைத்த இரண்டு கோடைகளில், கரைக்கும் கரைக்கும் இடைப்பட்ட பொழுதுகளில் சட்ட நூலைக் கற்றுத் தேர்ந்தவர். இருமுறை நாட்டின் பேரவைக்குச் சென்று, அடிமை முறை பரவுவதை எதிர்த்து வாக்களித்து, அதனால் பாதி நண்பர்களை இழந்து திரும்பியவர். வரும் சனவரியில் மாநிலச் சட்டமன்றம் கூடி ஒரு செனட்டரைத் தேர்ந்தெடுக்கும். மன்றத்தில் நூறு உறுப்பினர். வெற்றிக்கு ஐம்பத்தொரு வாக்கு. அந்த ஐம்பத்தொன்றையும் விட்காமுக்காகத் திரட்டும் பணி என்னுடையது. அவர் வென்றபின் எனக்கென்ன கிடைக்கும் என்பது பொருட்டன்று. மாநிலத் தலைமை வழக்கறிஞர் பதவி என்று கட்சியில் பேசிக்கொள்கிறார்கள்.

இடக்காற் செருப்பில் நீர் புகுகிறது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் 29

குதிரைத் திருட்டு வழக்கு. அரசுக்கு நான்; குற்றஞ்சாட்டப்பட்ட எதிரிக்கு விட்காம். ஒரு மணி நேரம் முழங்கினேன். சாளரத்தில் நின்றவர்கள்கூடக் கைதட்டினார்கள். பிறகு அவர் எழுந்தார். தோள்கள் கூனிய நெடிய உருவம். உறையிலிருந்து பாதி உருவிய பழைய வாள்போல் இருக்கும். ஜூரிகள் பன்னிருவரையும் பார்த்துச் சொன்னார்:

"வெதரில் நல்லாத்தான் பேசினார். ஆனா ஒண்ணை விட்டுட்டார். என் கட்சிக்காரனுக்கு எதிரா இருக்கிறதுலயே பெரிய சான்று அதுதான். அவர் சார்பா நானே சொல்லிடறேன்."

சொன்னார். நான் கவனிக்கத் தவறிய சான்று. என் ஒரு மணி நேரப் பேச்சைவிட வலியது. அதைத் தூக்கி நிறுத்திவிட்டு, பின் அதையும் என் மற்ற சான்றுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தார். மொத்தம் எட்டு நிமிடம். நான் தோற்றேன்.

உணவு மேசையில் நீதிபதி விடவில்லை. "வெதரில், நீ பேசி முடிக்கறதுக்குள்ள எனக்கு ரெண்டு தூக்கம் ஆச்சுய்யா."

"தலையாட்டிட்டே இருந்தீங்களே, ஒத்துக்கறீங்கன்னுல்ல நெனச்சேன்!"

"தூக்கத்துல யார் சொன்னாலும் ஒத்துக்குவேன். அதான் உனக்கு எப்பவாவது ஜெயிக்க முடியுது."

விட்காம் வாய்விட்டுச் சிரித்தார். எதிரியின் வாதத்தை எதிரியைவிடச் சிறப்பாகச் சொல்லிவிட்டுத்தான் தம் வாதத்தைத் தொடங்குவார். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் அவர் இதை மீறி நான் கண்டதில்லை. செனட்டில் அந்தக் குரல் ஒலிக்கும் நாளை நினைத்துப் பார்க்கிறேன்.

அக்டோபர் 5

ஆல்டர்கிரோவ் வந்து சேர்ந்தோம். இங்கே எனக்குப் பெரிய வழக்கு. சூலையில் கிரான்டல் என்பவரின் மாவு ஆலை எரிந்தது; உள்ளே உறங்கிய முதிய காவலாளி கருகி மாண்டான். தீ வைத்தவன் என்று டெர்மட் ஃபேலனைப் பிடித்திருக்கிறார்கள். அயர்லாந்திலிருந்து வந்த கால்வாய்த் தொழிலாளி. ஆலையில் சில நாள் வேலை செய்து, வெளியேற்றப்பட்டு, "இந்த ஆலை எரிஞ்சாத்தான் உங்களுக்கு உறைக்கும்" என்று கடைத்தெருவில் கத்தியவன். மெய்ப்பிக்கப்பட்டால் தூக்கு.

ஆலையதிபர் கிரான்டல் என் வழக்கின் முதற் சாட்சி. சட்டமன்றத்தில் அவர் சொன்னால் கேட்கும் உறுப்பினர் நால்வர்.

மாலையில் என் சட்டைகளைத் துவைத்துக் கொண்டுவந்தாள் கெசாயா டாலிவர் என்ற சலவைக்காரி. விடுதலை பெற்ற கறுப்பினப் பெண். கழுத்துப்பட்டிகளுக்குக் கஞ்சி மிக நன்றாகப் போட்டிருந்தாள். பின்கட்டுப் படியில் நின்று ஏதோ கால்மணி நேரம் பேசினாள். வழக்கைப் பற்றித்தான். நான் பெரிதாகக் கவனிக்கவில்லை. "நீ போ. எதுவானாலும் நீதிமன்றத்துல பாத்துக்கலாம்" என்றேன்.

இரவு உணவு: உப்பிட்ட பன்றி இறைச்சி, சோள அடை. செரிக்கவில்லை.

அக்டோபர் 6

விடியலில் நீதிபதிக்குக் கடிதம். அவர் மகளுக்குப் பேறுகாலத்தில் சிக்கல். உடனே வரச் செய்தி. நாற்பது மைல். அவரோ கிளம்பத் துடிக்கிறார். ஃபேலன் வழக்கோ நாளை. சாட்சிகள் தொலைவிலிருந்து வந்து காத்திருக்கிறார்கள். ஜூரிகளுக்கு வயலில் சோளம் நிற்கிறது.

எங்கள் வட்டத்தில் இதற்கொரு வழக்கம் உண்டு. நீதிபதிக்கு உடல் நலமில்லை, உறவில் சாவு என்றால், இருதரப்பும் இசைந்தால், வழக்கறிஞர்களில் ஒருவரை இருக்கையில் அமர்த்திவிட்டுப் போவார். எழுத்தர் ஏட்டில் நீதிபதி பெயரையே எழுதுவார். யாரும் கேட்பதில்லை. கடன், வேலி, பன்றி மேய்ந்த வழக்குகளை இப்படி எத்தனையோ முடித்திருக்கிறோம்.

"விட்காம், நீ உக்காரு," என்றார் பெல்டிங், கையுறையை மாட்டியபடி.

"உயிர் போற வழக்கு, ஐயா. ஒரு வாரம் தள்ளிப் போடலாமே."

"தள்ளிப் போட்டா அடுத்த சுற்றுதான். ஏப்ரல் வரைக்கும் அவன் அந்தச் சிறைக் குழியில கெடக்கணுமா? வெதரில், நீ என்ன சொல்றே?"

நான் ஆதரித்துப் பேசினேன். விட்காமைவிட நேர்மையான நடுவர் எதிரிக்குக் கிடைக்கமாட்டார் என்றேன், அது உண்மை. எதிரியின் வழக்கறிஞன் லெமுவல் பாண்டும் அதையே சொல்லி இசைந்தான். விட்காம் வெகுநேரம் தன் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பின்பு தலையசைத்தார்.

அக்டோபர் 7

வழக்கு நடந்தது. வென்றேன்.

விட்காம் இருக்கையில் அமர்ந்தவிதம் காணத் தக்கது. யார் பேச்சையும் இடைமறிக்கவில்லை. எதிரியைப் பெயர் சொல்லியே விளித்தார். கிரான்டல் கேள்விக்கு விடை சொல்லாமல் வேறு கதை அளந்தபோது, "கேட்டதை மட்டும் சொல்லுங்க" என்றார். ஆலையதிபர் முகம் சிவந்தது.

பிற்பகல் பாண்ட் தன் ஒரே சாட்சியாகச் சலவைக்காரி டாலிவரை அழைத்தான். அவள் ஏறி நின்றதும் நான் எழுந்து சட்டத்தைப் படித்தேன். கறுப்பினத்தார் எவரும் வெள்ளையர் ஒருவருக்கு எதிராகவோ ஆதரவாகவோ சாட்சி சொல்லலாகாது. எங்கள் மாநிலச் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. நான் இயற்றியதன்று.

விட்காம் அந்த ஏட்டை என் கையிலிருந்து வாங்கித் தாமே படித்தார். இருமுறை படித்தார் என்று நினைக்கிறேன்.

"சட்டம் தெளிவா இருக்கு," என்றார். "அம்மா, நீங்க இறங்கிக்கணும்."

அவள் இறங்கவில்லை. "நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே, ஐயா."

"தெரியும்மா. இறங்குங்க."

அவள் இறங்கினாள்.

அதன்பின் என் உரை. ஒன்றரை மணி நேரம். கருகிய முதியவனை அந்த அறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினேன். அவன் கதவைத் தட்டிய ஓசையைப் பன்னிருவர் காதிலும் ஒலிக்கவைத்தேன். இரண்டு ஜூரிகள் அழுதார்கள். என் வாழ்நாளின் சிறந்த உரை என்று பலர் கைகுலுக்கினார்கள். பன்னிருவர் வெளியே இருந்தது இருபத்தைந்து நிமிடம்.

தூக்குக்கு டிசம்பர் 4, வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார் விட்காம். தீர்ப்பைப் படித்தபோது அவர் குரல் எனக்கே கேட்கவில்லை.

அக்டோபர் 8

பெல்டிங் திரும்பினார். பேரன் பிறந்திருக்கிறான், தாய் நலம். எல்லாருக்கும் விருந்தளித்தார்.

அக்டோபர் 14

விட்காம் சரியாக உண்பதில்லை. மன்றம் முடிந்ததும் கடன் வாங்கிய சட்டத் தொகுப்புகளைச் சுமந்துகொண்டு மூலையில் ஒதுங்கிவிடுகிறார். தலைநகருக்கு அனுப்ப ஆறு கடிதம் எழுதினேன். நாற்பத்தெட்டு வாக்கு உறுதி. கிரான்டலின் நால்வர் வந்தால் ஐம்பத்திரண்டு.

செருப்புத் தைத்து வந்தது. மீண்டும் நீர் புகுகிறது.

அக்டோபர் 19

காலை முதல் மழை. விட்காமின் ஒற்றைக்குதிரை வண்டியில் அவருடன் வந்தேன். பதினெட்டு மைல். பாதி வழியில் அவராகவே தொடங்கினார்.

"அந்தப் பொம்பள என்ன சொல்ல வந்திருப்பா, ஆரன்?"

"என்னத்தைச் சொல்லப்போறா? ஆலை எரிஞ்ச அன்னிக்கு அவன் காய்ச்சல்ல கெடந்தான், எழுந்து நிக்கவே முடியல, போர்த்தின குதிரைப் போர்வையைப் பல்லால கிழிச்சான், அது இதுன்னு. யாரு வேணா சொல்லலாம்."

அவர் கடிவாளத்தை இழுத்தார். குதிரை நின்றது.

"குதிரைப் போர்வையா?"

"ஏன், என்ன?"

"அவ கோர்ட்டுல வாயே திறக்கலியே. நான்தானே திறக்கவிடாம இறக்கினேன்."

பாண்ட் சொல்லியிருப்பான் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கண்களில் சினம் இல்லை; அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. "சரி," என்று சொல்லிக் குதிரையைத் தட்டினார்.

பாண்ட் சொல்லவில்லை. இதை இங்கே எழுதுவதால் யாருக்கும் கேடில்லை.

அக்டோபர் 20

எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 27

இன்று மதியம் நீதிபதியின் அறையில் நிகழ்ந்ததை உள்ளபடி எழுதுகிறேன். விட்காம், பெல்டிங், நான், மூவர் மட்டும்.

விட்காம் சொன்னார்: ஆளுநரிடம் கருணை மனு அனுப்பினேன், மறுத்துவிட்டார். சாட்சியைத் தடுத்தது சட்டப்படி சரி. அதில் மேல்முறையீடு செல்லாது. ஆனால் நான் அந்த இருக்கையில் அமர்ந்ததே சட்டப்படி செல்லாது. மக்கள் பெல்டிங்கைத் தேர்ந்தெடுத்தார்கள், என்னை அல்ல. இருதரப்பும் இசைந்தாலும் நீதிபதி தன் அதிகாரத்தை இன்னொருவருக்குக் கடன் கொடுக்க முடியாது. நீதிபதியே இல்லாத வழக்கு வழக்கே அன்று. இதை மாநில உச்ச நீதிமன்றத்தில் உறுதிமொழி ஆவணமாகக் கொடுக்கப்போகிறேன்.

பெல்டிங் எழுந்துவிட்டார், கீல்வாதக் காலோடு. "உனக்குப் பைத்தியமாய்யா? நாப்பது வருஷ வழக்கம்! இதை உடைச்சா இந்த மாதிரி முடிஞ்ச அத்தனை தீர்ப்பும் உடையும். என் பேரு நாறும். நம்பி நாற்காலியைக் குடுத்தேன், என்னையே அதுலேர்ந்து தள்ளப் பாக்கறே!"

"தள்ளப்போறது என்னைத்தான், ஐயா. நீங்க இரக்கப்பட்டுக் குடுத்தீங்க. உக்காந்தவன் நான்."

"சனவரி? செனட்? திருட்டு நாற்காலியில உக்காந்து ஒருத்தனுக்குத் தூக்குக் குடுத்தவனுக்கு எவன் ஓட்டுப் போடுவான்?"

"போடமாட்டான்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்." பிறகு அவர் சொன்ன சொற்களை நான் சாகும்வரை மறவேன். "ஐயா, வாஷிங்டனுக்குப் போய் நியாயம் பேசணும்னு ரொம்ப ஆசை எனக்கு. எவ்வளவு ஆசைன்னு ஆரனுக்குத் தெரியும். ஆனா ஃபேலன் தொங்கின பிறகு அங்க நின்னு என்னத்தைப் பேசுவேன்? எனக்கு எதிரான வாதத்தை எதிர்க்கட்சிக்காரன் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லணுமே."

பெல்டிங் கதவைக் காட்டினார்.

நவம்பர் 4

சிக்கல் இது. ஏட்டில் பெல்டிங்கின் பெயர் இருக்கிறது. ஒருவர் சொல் நீதிமன்ற ஏட்டை வெல்லாது. எழுத்தர், நீதிபதியின் மைத்துனர், கையொப்பமிட மாட்டார். பாண்ட் எதிரியின் வழக்கறிஞன். அவன் சொல்லுக்கு எடையில்லை. ஜூரிகளோ, அங்கே யார் அமர்வது முறை என்பதே அறியாதவர்கள், கிரான்டலுக்கு அஞ்சுகிறவர்கள்.

எஞ்சியவன் அரசு வழக்கறிஞன். தண்டனை பெற்றுத்தந்தவனே "ஆம், நீதிபதி இல்லை" என்று ஒப்பினால் மன்றம் மறுக்க இயலாது.

விட்காம் இதை அறிவார். என்னிடம் கேட்கவில்லை.

நவம்பர் 13

கிரான்டலின் நால்வரும் இசைந்து எழுதிவிட்டார்கள். புதிதாக இன்னொருவரும் சேர்ந்தார். ஐம்பத்து மூன்று. ஐம்பத்து மூன்று! கடிதங்களை விட்காமிடம் காட்டினேன். ஒவ்வொன்றையும் பொறுமையாகப் படித்தார். "அருமையான வேலை, ஆரன். வேற யாராலயும் முடியாது" என்றார். மனமாரச் சொன்னார். இன்னும் கேட்கவில்லை.

நான் கையொப்பமிடாவிட்டால் அவருடைய ஆவணம் தனித்து நின்று தோற்கும். தோற்றால் செய்தித்தாள்கள் இரண்டு நாள் சிரிக்கும், பின் மறக்கும். செனட்டர் ஆகிவிடுவார். அவரை அவரிடமிருந்து காப்பாற்றுவது நண்பன் கடமை என்றே நினைக்கிறேன். நாட்டுக்கு அவர் தேவை. ஒரு கால்வாய்க்காரனைவிட நாடு பெரிது.

இவ்வரியை மீண்டும் படித்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

நவம்பர் 25

குதிரைக்கு இலாடம் தேய்ந்துவிட்டது. ஆல்டர்கிரோவில் இருக்கும் கொல்லர் கைதேர்ந்தவர் என்பதால் இருபத்திரண்டு மைல் அங்கேயே சென்றேன். சிறை, கொல்லர் பட்டறைக்கு எதிரே இருக்கிறது. காத்திருந்த நேரத்தில் உள்ளே சென்று பார்த்தேன்.

ஃபேலன் இளைத்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். "வாங்க ஐயா. உக்கார இடமில்ல. வாளியைக் கவுத்துத் தரவா?"

வேண்டாம் என்றேன். உணவு எப்படி என்று கேட்டேன். ஷெரிபின் மனைவி நல்லவர் என்றான். சலவைக்காரி வாரம் ஒருமுறை வருகிறாளாம். சட்டை துவைத்துத் தருகிறாளாம். "தொங்கறவன் சட்டை அழுக்கா இருக்கக்கூடாதுன்னு சொல்றா. ரொம்பக் கறார்."

பிறகு தயங்கித் தயங்கி அவன் சொன்னான்: "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? நீங்க அன்னிக்குப் பேசினீங்க பாருங்க. எங்க ஊர்ப் பாதிரிகூட அப்படிப் பேசமாட்டார். அந்தக் கெழவர் கதவைத் தட்டினதைச் சொன்னப்ப எனக்கே அழுகை வந்துடுச்சு. நான்தான் வச்சிருப்பேனோன்னு ஒரு நிமிஷம் எனக்கே தோணிடுச்சு, ஐயா. காய்ச்சல்ல எழுந்து போய் வச்சிட்டு மறந்துட்டேனோன்னு. இப்பக்கூடச் சில சமயம் தோணுது. அவகிட்ட கேப்பேன். 'போடா மடையா, நான் பக்கத்துலயேதான் இருந்தேன்'பா. அப்புறம்தான் மனசு அடங்கும்."

என்னை அவன் பாராட்டினான். என் சொல்வன்மைக்கு இதுவரை கிடைத்த பாராட்டுகளிலேயே பெரியது இது.

கொல்லர் குதிரை ஆயத்தம் என்று குரல் கொடுத்தார்.

நவம்பர் 26

கையொப்பமிட்டேன். அக்டோபர் 7 அன்று ஆல்டர்கிரோவ் நீதிமன்றத்தில் ஹோரஸ் பெல்டிங் இல்லை. ஜோசையா விட்காம் அமர்ந்திருந்தார். அதை ஆதரித்துப் பேசியவன் நான்.

விட்காம் மைக்கூட்டை மூடினார். "நிதானமா யோசிச்சியா?"

"இன்னும் ஒண்ணு எழுதணும். அஞ்சாம் தேதி சாயங்காலம், விடுதிப் பின்கட்டுல..."

"இந்த மனுவுக்கு அது வேணாம்," என்றார். "யார் உக்காந்தாங்கங்கறதுதான் கேள்வி. மத்தது உனக்குத் தெரிஞ்சா போதும்."

அப்போதுதான் புரிந்தது. மழையில் குதிரையை நிறுத்திய அன்றே அவருக்கு முழுவதும் தெரியும். ஐந்து வாரமாக, அதை வெளியிடுவேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் அன்றே பணிந்திருப்பேன். ஓர் உயிரைக் காக்கத் தவித்த மனிதர், அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. நானாக வரும்வரை பக்கத்துத் தலையணையில் படுத்துக் காத்திருந்தார்.

அன்று பின்கட்டில் அவள் சொன்னதை நான் முழுவதும் கேட்டேன். முதற்சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை கேட்டேன். நம்பவும் செய்தேன். நம்பியதால்தான் ஆட்சேபிக்க எழுந்தேன்.

டிசம்பர் 1

தலைநகர். மூன்று நாள் உறைபனியில் இருவரும் மாறி மாறி வண்டி ஓட்டி வந்தோம். உச்ச நீதிமன்றம் இரு ஆவணங்களையும் ஏற்றது. தூக்கு நிறுத்தம், தீர்ப்பு செல்லாது, புதிய விசாரணை ஏப்ரலில். ஆணையோடு ஓர் ஆள் ஆல்டர்கிரோவுக்கு விரைகிறான்.

விட்காம் விடுதிக்கு வந்து இரண்டு தட்டு மாட்டிறைச்சி உண்டார். இரண்டு மாதத்தில் முதல் முறை.

டிசம்பர் 19

பெல்டிங் பதவி விலகினார். தெருவில் என்னைக் கண்டு மறுபக்கம் கடந்தார். செய்தித்தாள்கள் விட்காமை "இரவல் நீதிபதி" என்கின்றன. என் கடிதங்களுக்கு மறுமொழி வருவது நின்றுவிட்டது. தலைமை வழக்கறிஞர் பதவிக்கு வேறொருவர் பெயர் அடிபடுகிறது.

1847, சனவரி 13

வாக்கெடுப்பு. விட்காமுக்குப் பதினொன்று.

மேல்மாடத்தில் என் அருகே அமர்ந்து பெயர் பெயராகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் இறங்கிச் சென்று பதினொருவர் கையையும் குலுக்கினார். வென்றவரிடம் போய், "அடிமைப் பிரச்சினையில நீங்க பேசவேண்டிய மூணு விஷயம் எழுதி வச்சிருக்கேன், எடுத்துக்கறீங்களா?" என்று தம் குறிப்புகளையே கொடுத்துவிட்டார். அந்தக் குறிப்புகளுக்கு அவர் நான்கு ஆண்டு உழைத்திருந்தார். நான் வெளியே வந்து, குளிர்காற்றில் கொஞ்ச நேரம் நின்றேன்.

எத்தனையோ மேடைகளில் பெருமக்களைப் புகழ்ந்து பேசியிருக்கிறேன். பெரும்பாலும் சொற்கள் மிஞ்சும், மனிதர் குறைவார். இன்று சொல் ஒன்றும் வரவில்லை.

ஏப்ரல் 12

ஆல்டர்கிரோவ். புதிய நீதிபதி. மன்றம் நிறைந்து வழிந்தது. வெதரில் மீண்டும் முழங்குவான் என்று அண்டை ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். விட்காம் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில்.

அந்தச் சட்டம் அப்படியே இருக்கிறது. டாலிவர் இன்றும் ஏற முடியாது.

நான் எழுந்தேன். "அரசு இந்த வழக்கை மேற்கொண்டு நடத்தவில்லை" என்றேன். உட்கார்ந்தேன்.

"அவ்ளோதானா?" என்று சாளரத்திலிருந்து ஒருவன் கேட்டான். கிரான்டல் எழுந்து, என்னை வாங்கிவிட்டார்கள் என்று கத்தினார். நீதிபதி சுத்தியலைத் தட்டினார். ஃபேலன் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் நின்றான். ஷெரிப் அவன் தோளைப் பிடித்துக் கதவின் பக்கம் திருப்பிவிட்டார்.

ஏப்ரல் 13

காலை உணவுக்குப்பின் விட்காமும் நானும் கெசாயா டாலிவரின் சலவை முற்றத்துக்குச் சென்றோம். மூன்று அண்டாக்களில் நீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஏடும் மைக்கூடும் கொண்டுபோயிருந்தேன். வந்த நோக்கத்தைச் சொன்னேன். இம்மாநிலத்தின் எந்த நீதிமன்ற ஏட்டிலும் எழுத இயலாததை இங்கே எழுதிக்கொள்ள விரும்புகிறேன். பின்னாளில் அந்தச் சட்டத்தை மாற்றப் போராடுவோர்க்கு இது பயன்படலாம். விட்காம் அவ்வேலையைத் தொடங்கிவிட்டார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே எங்களைப் பார்த்தாள். என்னை அல்ல, விட்காமைத்தான் நெடுநேரம்.

"அன்னிக்கு என்னை இறங்கச் சொன்னது நீங்கதானே?"

"ஆமாம்மா. நான்தான்."

"அதுக்கு முந்தின நாளுக்கு முந்தின நாள் என்னைப் போகச் சொன்னது இவரு."

"ஆமாம்" என்றேன். விட்காமுக்கு முன்னால் அதை ஒப்புவது எளிதாக இருந்தது.

"ரெண்டு பேருக்கும் இப்பதான் காது கேட்டுதாக்கும்." ஓர் அண்டாவின் அடியிலிருந்து விறகை இழுத்துப் போட்டாள். தொட்டியைக் கவிழ்த்து விட்காமுக்கு முன் வைத்தாள். "நீங்க அதுல உக்காருங்க. நீதிபதி உக்காந்துதான் கேக்கணும்."

"நான் நீதிபதி இல்லம்மா. அதுக்குத்தான் இவ்வளவும்."

"அப்ப நின்னுக்கிட்டே கேளுங்க."

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். நான் ஏட்டைத் திறந்தேன். "சொல்லுங்க" என்றேன்.

"சும்மா எப்படிச் சொல்றது?" என்றாள். "அந்த ஆலைக்காரருகிட்ட சத்தியம் வாங்கினீங்க. ஷெரிப்கிட்ட வாங்கினீங்க. என்கிட்ட மட்டும் வேணாமா?"

விவிலியம் உள்ளே இருந்தது, அவளே கொண்டுவந்தாள். நான் கையில் ஏந்தினேன். வெந்நீரில் சிவந்து வெடித்த கையை அதன்மேல் வைத்தாள். சொற்களை நான் சொல்ல, அவள் திருப்பிச் சொன்னாள். ஒன்பது ஆண்டுகளில் ஆயிரம் பேருக்குச் செய்வித்த உறுதிமொழி. இன்று என் குரல் இருமுறை தடுமாறிற்று.

"என் பேரு கெசாயா டாலிவர். அம்பத்தோரு வயசுன்னு சொல்றாங்க. இந்த ஊர்ல பதினாலு வருஷமா வெளுக்கறேன். அன்னிக்குச் சாயங்காலம் அந்த ஐரிஷ்காரப் பையன் என் வேலியோரம் விழுந்து கெடந்தான். யாருன்னு எனக்குத் தெரியாது. உயிரு இருந்துது, தூக்கினேன்." நிறுத்தினாள். "வேகமாப் போறேனா? எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்மா," என்றேன். "நீங்க சொல்லுங்க."